அருவுருவம்: அண்ணாமலைக் கல்லும் ஓவியரின் சொல்லும்

அரூப ஓவியம் ஒன்றின் முன்னால் நிற்கும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன?" என்பதுதான். சிற்பமாக இருந்தால் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறோம். படைத்தவர் பக்கத்தில் இருந்தால் கேள்வி அவரிடம் போகும். அவர் பெரும்பாலும் சிரித்து மழுப்புவார். அல்லது "பார்க்கப் பார்க்கப் பிடிபடும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். நின்று பதில் சொல்ல முயன்றவர்கள் சிலரே. சென்னைக் கலைக் கல்லூரியைச் சூழ்ந்து வளர்ந்த ஓவிய, சிற்ப இயக்கத்தில் அத்தகைய சிலர் இருந்தார்கள். தங்கள் படைப்பைப் பற்றி அவர்கள் யோசித்த விதத்தையும், அந்த யோசனை நமக்கு ஏன் வேண்டும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

இதைப் பேசுவதற்குத் திருவண்ணாமலையை நிலைக்களமாக எடுத்துக்கொள்கிறோம். காரணங்கள் இரண்டு. அந்த இயக்கத்தின் முதன்மையான ஓவியர்களில் ஒருவரான ஏ.பி. சந்தானராஜ் 1932இல் பிறந்த ஊர் அது. உருவம், அருவம் என்ற சிக்கலைத் தமிழ் மரபு ஆழமாக யோசித்த தலங்களில் ஒன்றும் அதுவே.

இரண்டு ஆயத்த விடைகள்

அரூபக் கலையைப் பற்றி நம் சூழலில் இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. "இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து இறக்கிய சரக்கு, நம் மண்ணுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்பது ஒன்று. "நம்மிடம் இல்லாததா? சிவலிங்கத்தைவிட அரூபமான சிற்பம் உலகில் எங்கே உண்டு?" என்பது மற்றொன்று. முன்னது ஓவியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பின்னது அவரைக் காப்பாற்றுவதுபோல் தோன்றினாலும், அவர் செய்த வேலையை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. எல்லாம் முன்னமே இருந்ததென்றால் இவர் புதிதாக என்ன செய்தார்?

இவ்விரு விடைகளுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டுமே படத்தைப் பார்ப்பதிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. ஏளனத்தால் கண்ணை மூடிக்கொள்வதற்கும் பெருமிதத்தால் கண்ணை மூடிக்கொள்வதற்கும் விளைவில் வேறுபாடு இல்லை. ஆகவே இரண்டையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, பின்னதில் உள்ள உண்மையின் அளவை முதலில் சோதிப்போம்.

அடியும் முடியும்

திருவண்ணாமலையின் தலபுராணக் கதை எல்லோரும் அறிந்ததே. பிரமனும் திருமாலும் தம்முள் யார் பெரியவர் என்று வாதிட, இருவருக்கும் நடுவே தழல் தூணொன்று எழுகிறது. திருமால் பன்றியாகி அடி தேடுகிறார். பிரமன் அன்னமாகி முடி தேடுகிறார். இருவரும் காணவில்லை. பக்தருக்கு இது சிவபரத்துவத்தைச் சொல்லும் கதை. சிற்பிக்கோ இது ஒரு தொழிற்சிக்கல். எல்லையற்றது என்று சொல்லப்படுவதை நான்கு பக்கமும் எல்லையுள்ள ஒரு கல்லில் எப்படிச் செதுக்குவது?

சோழர் காலக் கோயில்களில் கருவறையின் பின்புறக் கோட்டத்தில் நிற்கும் லிங்கோத்பவரைப் பார்த்தால், சிற்பிகள் கண்டுபிடித்த தீர்வு விளங்கும். தூணின் நடுவே நீள்வட்டமாக ஒரு பிளவு. அதற்குள் இறைவன் திருவுருவம். பாதங்கள் கல்லுக்குள் மறைந்திருக்கும். முடியின் உச்சியும் பிளவின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். கீழே பன்றி, மேலே அன்னம். காட்டாமல் விட்டதன் மூலமாகவே அளவின்மையை அவர்கள் காட்டிவிட்டார்கள். உருவத்தைத் துண்டித்து, துண்டித்த இடத்திலிருந்து பார்ப்பவரின் மனம் நீண்டு செல்லும்படி செய்த இந்த உத்தி மிக நுட்பமான காட்சிச் சிந்தனை என்பதில் ஐயமில்லை.

சைவ சித்தாந்தம் இதற்குச் சொற்களும் தந்திருக்கிறது. அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்று நிலைகள். கையும் காலும் முகமும் கொண்ட திருமேனி உருவம். எதற்கும் அகப்படாதது அருவம். கண்ணுக்குத் தெரிந்தும் உறுப்புகள் எவையும் இல்லாத இலிங்கம் அருவுருவம். திருவண்ணாமலையில் மலையே இலிங்கமாகக் கருதப்படுகிறது. கிழக்கு வாயிலுக்கு எதிரே நின்று பார்ப்பவருக்கு, கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த 217 அடி ராஜகோபுரம் முன்னே தெரியும். பதினொரு நிலைகளும் அளந்து அடுக்கப்பட்டவை. பின்னே, எவருடைய உளியும் படாத மலை. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அதைச் சுற்றி நடப்பவர்கள் வலம் வருவது செதுக்கப்படாத ஒரு வடிவத்தை.

மோட்டூர்க் கல்லும் செங்கம் கற்களும்

இன்னும் பின்னோக்கிப் போகலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணைக்கட்டு இருக்கும் தண்டராம்பட்டு வட்டாரத்தில் மோட்டூர் என்ற ஊர் உள்ளது. அங்கே பெருங்கற்காலத்தைச் சேர்ந்த கல்வட்டங்களின் நடுவே ஏறத்தாழ ஆள் உயரத்தைப்போல் இருமடங்கு உயரமுள்ள ஒரு பலகைக்கல் நிற்கிறது. தோள்போல இருபுறமும் வளைந்து விரியும் விளிம்புகள் அதை மனித உருவம் என்று எண்ணவைக்கின்றன. ஆனால் முகம் இல்லை, கை கால் இல்லை, ஆணா பெண்ணா என்ற அடையாளம் இல்லை. தாய்த்தெய்வம் என்பார் உண்டு. இறந்தோர் நினைவாக எழுப்பியது என்பார் உண்டு. வட தமிழகத்தில் இத்தகைய சின்னங்களைக் குள்ளர்களான வாலியரோடு இணைத்துப் பேசும் வழக்கமும் உண்டு. ஒரு கல்லில் மனிதனைக் குறிக்க எவ்வளவு குறைவாகச் செதுக்கினால் போதும் என்ற கேள்வியை, இரும்புக்காலத்துக் கைகள் இங்கே கேட்டு விடையும் கண்டிருக்கின்றன.

அதே மாவட்டத்தில் செங்கம் இருக்கிறது. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா அதுதான். அப்பகுதியின் நடுகற்களை 1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டது. அவற்றுள் எடத்தனூர் நடுகல் புகழ்பெற்றது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தொறுப்பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்தது. கல்லில் வீரன் நிற்கிறான், பக்கத்தில் நாயும் நிற்கிறது, அவற்றோடு வட்டெழுத்தும் ஓடுகிறது. உருவமும் எழுத்தும் ஒரே பரப்பில், ஒரே உளியால்.

இந்தக் கல்வெட்டுகளைப் படிக்கும் திறன் ஊரில் எப்போதோ மறைந்துவிட்டது. ஆனால் கற்கள் மறக்கப்படவில்லை. அவ்வட்டாரத்து நடுகற்கள் பல வேடியப்பனாகப் பெயர் மாறி வழிபாடு பெறுகின்றன. வாசிக்க முடியாத எழுத்து, வாசிக்க முடியாததாலேயே வேறொரு வல்லமை பெற்றுவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். சென்னை ஓவியர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது இது பயன்படும்.

ஆக, "நம்மிடம் இல்லாததா?" என்ற கேள்வியில் உண்மை இருக்கிறது. உருவத்தைக் குறைப்பதும் விடுவதும் மறைப்பதும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. இலிங்கத்தின் முன் நிற்கும் எவரும் "இது என்ன?" என்று கேட்பதில்லை. அதன் பொருள் சிற்பி பிறப்பதற்கு முன்பே ஊரின் கையில் இருந்தது. கதையாக, பதிகமாக, கார்த்திகைத் தீபமாக, திருவாதிரைக் களியாக அது பரவிக்கிடந்தது. சிற்பி தன் படைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அவருக்குப் பதிலாக ஊர் பேசியது. இருபதாம் நூற்றாண்டின் ஓவியருக்கு அந்த ஊர் இல்லை. அவர் வரைந்த வட்டமும் கோடும் எந்தப் புராணத்திலும் இல்லை. எனவேதான் அவர் தாமே பேச வேண்டியதாயிற்று.

பணிக்கர் என்ன சொன்னார்?

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி நீண்ட காலம் கைத்தொழில் பயிற்சிக்கே முதன்மை தந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரானார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் வார்த்தது. தசையும் நரம்பும் புடைக்கும் மெய்ம்மை அவருடைய பாணி. அவரிடம் பயின்று, பின்னர் அவருக்கு அடுத்து 1957இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர் 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைச் சென்னையில் நிறுவியிருந்தார். 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற இதழும் தொடங்கப்பட்டது. ஓவியர்கள் தங்கள் கலையைப் பற்றித் தாங்களே எழுதிப் பேச ஒரு மேடை அதனால் கிடைத்தது.

பணிக்கர் 1954இல் ஐரோப்பா சென்று தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். நவீன ஓவியத்தின் தலைநகரங்களை நேரில் கண்டவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. அவர்களைப்போலவே நாமும் வரைந்தால் அது யாருடைய படம்? திரும்பி வந்து பழைய பாணிக்குள் புகுந்துகொள்வதும் அவருக்கு இயலவில்லை. அஜந்தாவை மீண்டும் வரைவது, கண்ட ஐரோப்பாவைக் காணாததாகப் பாவிப்பதாகும். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்த இக்கட்டிலேயே அவர் உழன்றார் என்று அவருடைய படங்களின் வரிசையைப் பார்த்தால் தோன்றுகிறது.

1963 அளவில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள் தொடங்கின. அது எப்படித் தொடங்கியது என்று பணிக்கரே சொல்லியிருக்கிறார். கணிதம் படிக்கும் மாணவன் ஒருவனின் நோட்டுப் புத்தகப் பக்கம்போன்ற ஒரு தோற்றத்தை உருவாக்க விரும்பி, கணிதக் குறிகளையும் எண்களையும் ரோமன் எழுத்துகளையும் படத்தில் கொண்டுவந்தார். பிறகு ரோமன் எழுத்தை விட்டு மலையாள எழுத்தின் சாயலுக்கு மாறினார். ஜாதகக் கட்டங்கள், அட்டவணைகள், மீன், பறவை போன்ற சிறு உருவங்கள் எல்லாம் அந்தப் பரப்பில் இடம்பிடித்தன. எழுத்துகள் எழுத்துபோல் இருக்கும். வாசிக்க முயன்றால் வாசகம் இராது.

பணிக்கரின் விளக்கத்தில் நாம் கவனிக்க வேண்டியது அதன் எளிமை. ஆன்மிகம், பிரபஞ்சம் என்ற பெரிய சொற்களோடு அவர் தொடங்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தோடு தொடங்கினார். நமக்குப் புரியாத கணிதம் எழுதிய பக்கத்தைப் பார்க்கும்போது என்ன நேர்கிறது? பொருள் கழன்றுவிடுகிறது, கோடுகளின் அடர்த்தியும் இடைவெளியும் வரிசையும் மிஞ்சுகின்றன. ஆனாலும் அங்கே ஏதோ பொருள் உண்டு என்ற நம்பிக்கை மட்டும் போவதில்லை. பாட்டி பெட்டியில் வைத்திருக்கும் ஜாதக ஓலையைப் பேரன் பார்ப்பதும், வட்டெழுத்து அறியாத உழவர் நடுகல்லைப் பார்ப்பதும் இப்படித்தான். பணிக்கரின் படங்களுக்கும் செங்கத்துக் கற்களுக்கும் நேரடி உறவு சொல்வது நம் நோக்கமன்று. ஓலையையும் கல்லையும் அப்படிப் பார்த்துப் பழகிய சமூகத்தில் இந்தப் படங்கள் முற்றிலும் அந்நியமாக முடியாது என்பதே நாம் சொல்ல வருவது.

பத்திக்கும் உலோகத் தகடும்

பார்வையாளர் வாங்காத படத்தை வரைபவர் எப்படி வாழ்வது? 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் இக்கேள்விக்கான விடை. பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அந்த வருவாயில் நிலம் வாங்கினார்கள், குடிசை போட்டார்கள், ஓவியம் தீட்டினார்கள். நம் நாட்டு அரூப ஓவியத்தின் வரலாற்றை எழுதும்போது மெழுகும் சாயமும் தோய்ந்த அந்தத் துணிகளையும் சேர்த்து எழுத வேண்டும். "வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு" என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை.

சிற்பத்தில் இதே சிக்கலைச் சந்தித்தவர்களுள் பி.வி. ஜானகிராம் (1930–1995) முக்கியமானவர். செம்புத் தகட்டை அடித்து, வளைத்து, கம்பிகளைப் பற்றவைத்து அவர் செய்த சிற்பங்கள் முன்புறமாக நின்று பார்ப்பதற்கு உரியவை. சுற்றிவந்து பார்க்க வேண்டியது சிற்பம் என்ற மேல்நாட்டு இலக்கணத்துக்கு அவை அடங்குவதில்லை. கோயிலில் மூலவருக்குச் சார்த்தும் கவசத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பக்தர் மூலவரைச் சுற்றி நின்று பார்ப்பதில்லை. எதிரே நின்று பார்க்கிறார். கல்லின் மீது உலோகத் தகடு ஒரு முகமாகிறது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) இந்த முன்முகச் சிற்ப நெறியைத் தொடர்ந்து வளர்த்தார். மரபிலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது தெய்வ உருவத்தை அன்று. உலோகம் வேலை செய்யும் முறையையும், பார்ப்பவர் நிற்கும் இடத்தையும். கடன் வாங்குவதிலும் இப்படி ஒரு தேர்ச்சி உண்டு.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் சிற்பி எஸ். தனபால் (1919–2000). மயிலாப்பூரில் பிறந்தவர், இளமையில் நடனம் பயின்று மேடையேறியவர், ஓவியம் பயின்று சிற்பத்துக்கு வந்தவர், பின்னாளில் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். அவர் முழு அரூபத்துக்குப் போகவில்லை. உருவத்தைச் சுருக்கி, உடலின் ஓட்டத்தை மட்டும் மண்ணிலும் வெண்கலத்திலும் நிறுத்தினார். அவர் வார இதழொன்றில் தொடராகச் சொன்ன வாழ்க்கை வரலாறு 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்ற நூலாகப் பிற்காலத்தில் வெளிவந்தது. தமிழில் ஒரு நவீன சிற்பி தம் வாழ்வையும் தொழிலையும் பற்றித் தாமே பேசிய நூல்கள் அரிது. அந்த வகையில் அது நமக்குப் பெருஞ்செல்வம்.

சந்தானராஜின் கோடு

திருவண்ணாமலையில் பிறந்த சந்தானராஜ் இதே கல்லூரியில் பயின்று, ஆசிரியராகி, முதல்வராகவும் உயர்ந்தவர். சென்னை இயக்கத்தின் அடையாளம் கோடு என்று விமர்சகர்கள் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்கு அவரளவு சுதந்திரம் கொடுத்தவர்கள் குறைவு. நமக்குப் பழக்கமான படங்களில் கோடு உருவத்தின் வேலிபோல அமையும். இதற்கு இப்பால் முகம், அப்பால் வானம். சந்தானராஜின் பெரிய படங்களில் கோடு வேலியாக நிற்க மறுக்கிறது. பெண்ணின் தோளாகத் தொடங்கி, செடியின் தண்டாகி, எதுவுமில்லாத வெறும் ஓட்டமாகி, மீண்டும் ஒரு கண்ணாக முடிகிறது. வண்ணமோ கோட்டைச் சட்டைசெய்யாமல் தன்போக்கில் பரவுகிறது. இவற்றை உருவ ஓவியம் என்பதா, அரூப ஓவியம் என்பதா? நாம் மேலே பார்த்த மூன்று சொற்களுள் நடுவில் நிற்கும் சொல்தான் பொருந்துகிறது. அருவுருவம்.

பிறந்த ஊரின் மலையிலிருந்து இதை அவர் எடுத்துக்கொண்டார் என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும், உண்மையாக இராது. ஓர் ஊரில் பிறந்ததனால் மட்டும் அதன் தத்துவம் இரத்தத்தில் இறங்கிவிடுவதில்லை. அவர் கோட்டைக் கற்றது வகுப்பறையில், கரித்துண்டால், ஆயிரக்கணக்கான தாள்களில். 2009இல் அவர் மறைந்தபோது அவருடைய பேச்சின் பெரும்பகுதி மாணவர்களின் நினைவில்தான் எஞ்சியிருந்தது. அவர் வரைந்த கோடுகள் சுவர்களில் உள்ளன. அவற்றைப் பற்றி அவர் நினைத்தவற்றில் எழுத்தேறியவை சொற்பம்.

அடையாற்றின் வழியாக ஒரு சுற்று

இப்போது முதல் விடைக்கு வருவோம். "மேல்நாட்டுச் சரக்கு" என்று சொல்பவர்கள் அந்தச் சரக்கு எங்கே ஏற்றப்பட்டது என்று பார்ப்பதில்லை. பிரம்மஞான சபையின் தலைமையகம் 1880களிலிருந்து சென்னை அடையாற்றில் இருக்கிறது. அச்சபையின் தலைவர்களான அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து 'எண்ண வடிவங்கள்' என்ற நூலை 1905இல் வெளியிட்டார்கள். கோபம், அன்பு, பக்தி, இசை முதலியவற்றுக்கு வண்ணமும் வடிவமும் உண்டு என்று சொல்லி, அவற்றைப் படங்களாகவே அச்சிட்ட நூல் அது. ஐரோப்பிய அரூப ஓவியத்தின் முன்னோடியாகக் கருதப்படும் கண்டின்ஸ்கி அந்நூலை அறிந்தவர். 1911 இறுதியில் வெளிவந்த, கலையில் ஆன்மிகம் பற்றிய தம் நூலில் பிரம்மஞான இயக்கத்தைக் குறிப்பிட்டுப் பேசுகிறார். மோந்திரியான் 1909இல் டச்சு பிரம்மஞான சபையில் உறுப்பினரானார். சுவீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்ட் 1906இலேயே அரூபப் படங்களைத் தொடங்கியவர். அவருக்கும் பிரம்மஞானத்தில் ஈடுபாடு இருந்தது.

இதனால் அரூப ஓவியத்தை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று தம்பட்டம் அடிக்க வேண்டியதில்லை. பிரம்மஞானிகள் இந்திய மரபை எடுத்துக்கொண்டதில் திரிபும் கலப்பும் ஏராளம். உள்நாடு, வெளிநாடு என்று கோடு கிழித்துப் பேசும் பேச்சு இந்த வரலாற்றின் முன் நிற்காது என்பதே போதும். கீழை மரபைப் பற்றிய கருத்துகள் உருமாறி ஐரோப்பா போயின. அங்கே ஓவியமாகித் திரும்பி வந்தன. பணிக்கர் அவற்றைக் கண்டு தயங்கினார். அவருடைய தயக்கமே இந்தக் கதையில் மிகவும் நேர்மையான பகுதி.

கிளிண்ட் விஷயத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. தாம் இறந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை அப்படங்களைக் காட்ட வேண்டாம் என்று அவர் விரும்பினார். 1944இல் இறந்தார். உலகம் அவரை உணரத் தொடங்கியது 1980களுக்குப் பிறகே. அதற்கு உதவியவை படங்கள் மட்டுமல்ல. எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எந்தச் சுருள் ஏன் வந்தது என்று அவர் எழுதிவைத்த நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளும்தான்.

காந்தியிலிருந்து வெளிக்கு

இலக்கிய வாசகர்களுக்கு மிகவும் அறிமுகமான ஓவியர் கே.எம். ஆதிமூலம். துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்து, தனபாலின் வழிகாட்டுதலில் கல்லூரியில் சேர்ந்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த நூறு கோட்டோவியங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 'நடை', 'கசடதபற' தொடங்கிச் சிற்றிதழ்களின் முகப்புகளிலும் தலைப்பெழுத்துகளிலும் அவர் கை பதிந்தது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வாரந்தோறும் வந்தபோது அதன் மனிதர்களுக்கு முகம் கொடுத்தவரும் அவரே. அவர் கோட்டை நாம் எழுத்தின் துணையாகப் பார்த்துப் பழகினோம்.

அதே ஆதிமூலம் 1970களில் தூரிகையும் தட்டைக் கத்தியும் எடுத்து, கோட்டையே விட்டுவிட்டு, வண்ணப் பரப்புகளை மட்டும் கொண்ட 'வெளி' ஓவியங்களுக்குப் போனார். அவற்றில் நிலத்தின், நீரின், வானத்தின் சாயல் உண்டு; பெயர் சொல்லத்தக்க பொருள் எதுவும் இல்லை. காந்தியையும் அரசர்களையும் அவ்வளவு துல்லியமாக வரையத் தெரிந்தவர் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? வரையத் தெரியாததால்தான் அரூபம் என்ற மலிவான வாதம் இவரிடம் செல்லுபடியாகாது. பிடியில் நன்றாக இருந்த ஒன்றை அவர் விட்டார். அப்படி விடுவதற்கு ஒரு தேவை இருந்திருக்க வேண்டும். தமிழ் வாசகர் கோட்டோவியர் ஆதிமூலத்தைக் கொண்டாடினார். வண்ண ஓவியர் ஆதிமூலத்தைக் காட்சிக்கூடத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். 2008 ஜனவரியில் அவர் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிகளில் பெரும்பாலும் முதல் ஆதிமூலமே இருந்தார்.

அச்சுதன் கூடல்லூரின் (1945–2022) பயணமும் இலக்கியத்தோடு தொடர்புடையது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக வேலை, மலையாளத்தில் சிறுகதை, மாலை நேரங்களில் கலைக் கல்லூரியின் ஓவியக் கழகத்தில் பயிற்சி. முதலில் உருவங்களை வரைந்தவர் படிப்படியாக அவற்றை நீக்கி, வண்ணத்தை மட்டும் நம்பினார். கதை எழுதியவர் கதையை விட்டார். உருவம் வரைந்தவர் உருவத்தை விட்டார். சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லாமல் விடும்போது அந்த மௌனத்துக்கு எடை கூடுகிறது. லிங்கோத்பவரின் பாதத்தைக் கல்லுக்குள் மறைத்த சிற்பிக்குப் பாதம் செதுக்கத் தெரியாது என்று எவரும் சொல்வதில்லை.

சொல் எதற்கு?

ஓவியர் பேசத்தான் வேண்டுமா, படம் தானே பேசாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓவியரின் விளக்கம் படத்தின் பொருளை முடித்துவைக்கும் தீர்ப்பு ஆகாது. பணிக்கரின் நோட்டுப் புத்தகச் செய்தியைத் தெரிந்துகொண்டதனால் அவருடைய படத்தின் எழுத்துகள் வாசகமாகிவிடவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டவர் "இது என்ன?" என்று கேட்டுவிட்டு நகர்வதில்லை, "இதை எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த இரண்டாவது கேள்விக்கு நம்மைக் கொண்டுசேர்ப்பதே ஓவியரின் சொல் செய்யும் வேலை.

அருவுருவத்தைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருந்தவரை சிற்பி பேசாமலிருக்க முடிந்தது. ஊர் பேச்சை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மோட்டூர்க் கல்லே சாட்சி. அதை நிறுத்தியவர்களுக்கு அது அரூபச் சிற்பமாக இருந்திருக்காது. அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும், ஒரு நாள் குறித்த சடங்கு இருந்திருக்கும், குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். அந்தச் சொற்கள் அனைத்தும் அழிந்த பிறகு, கல் நிற்கிறது. இன்று நாம் அதன் முன்னால் நின்று, அரூப ஓவியத்தின் முன் கேட்கும் அதே கேள்வியைக் கேட்கிறோம்.

சென்னை இயக்கத்தின் மூத்தவர்களில் பலர் மறைந்துவிட்டார்கள். அவர்கள் படங்களுக்குச் சந்தையில் விலை ஏறுகிறது. ஏலக் குறிப்பேடுகளில் அளவும் ஆண்டும் துல்லியமாக அச்சாகின்றன. ஆனால் அவர்கள் வகுப்பில் சொன்னவை, நண்பரிடம் சொன்னவை, சிற்றிதழின் மூலையில் எழுதியவை எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. தமிழில் தனபாலுக்கு ஒரு சுயசரிதை கிடைத்தது. சந்தானராஜுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அவரிடம் பயின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சென்று, கேட்டு, எழுதிவைப்பது இலக்கிய வாசகர்களாகிய நம்மால் ஆகக்கூடிய காரியம். அதைச் செய்யாவிட்டால், இன்னும் நூறாண்டுகளில் அந்தப் படங்களும் கல்வட்டத்தின் நடுவே பெயரில்லாமல் நிற்கும்.